வீட்டில் பேசும் மொழி

சலவைக்கூடத்தில் அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. பெயர் பொருந்தவில்லை என்று மட்டும் ஒருத்தரும் சொன்னதில்லை. மூன்று ஆஸ்பத்திரிகளின் அழுக்கு விரிப்புகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும் இடம் அது. ரத்தம் பட்டதைத் தனியே பிரித்து முதலில் பச்சைத்தண்ணீரில் அலச வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் கறை துணியோடு இறுகிவிடும். அலசி, வெளுத்து, பிழிந்தெடுத்த விரிப்புகள் கடைசியில் இஸ்திரி போடும் ஆவி உருளைக்கு வரும். இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் முனைகளைப் பிடித்து உள்ளே கொடுக்க, அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் சூடு பறக்க வாங்கி மடிப்பார்கள். வாயாடி கொடுக்கும் பக்கம். எட்டு மணி நேரம் கை ஓடும், கையோடு வாயும் ஓடும். உருளை போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் இருமினால்கூடக் கேட்காது. இவள் பேச்சு கேட்கும்.

"மேஸ்திரி மொகத்தப் பாருங்கடி. உருளையில விட்டு எடுத்தாக்கூட அந்தச் சுருக்கம் போகாது."

எதிர்ப்பக்கம் சிரிப்பில் விரிப்பு கோணலாக மடியும். மேஸ்திரிக்கு அவள் சொன்னது புரியாது. அவர் இந்த ஊர்க்காரர். கூடத்தில் பாதிப் பெண்கள் அவளைப்போல வேலை தேடி வந்தவர்கள், அவர்கள் பாஷை வேறு. ஊர்ப் பாஷையில் அவளிடம் இருந்தது வேலை கொடுத்த சொற்கள் மட்டும்: ஈரம், காய்ஞ்சுது, மடி, சீக்கிரம், தெரியாது, நாளைக்கு வா. கடையில் விரலை நீட்டி வாங்குவாள். பஸ்ஸில் சில்லறையை உள்ளங்கையில் விரித்துக் காட்டுவாள். சொந்தப் பாஷையில் ராணி, தெருவில் இறங்கினால் ஊமை. அதுபற்றி அவள் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. வீட்டுக்குப் போனால் பேச ஆள் இருந்தது.

ஆள் என்றால் ஆறு வயது மகள். வாலு என்று கூப்பிடுவாள். புருஷன் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர், சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கள் காலை போய்விடுவான். மற்ற நாட்களில் ஒற்றை அறையில் தாயும் மகளும்தான். வெங்காயம் உரிக்கும்போது பேச்சு, துணி அலசும்போது பேச்சு. "தாய் எட்டடி பாஞ்சா நீ பதினாறு அடி பாயற" என்று இவள் சொல்ல, "அப்ப உன் பொண்ணோட பொண்ணு எத்தன அடி?" என்று அது கேட்கும்.

வாலுவை முதல் வகுப்பில் சேர்த்து இரண்டு மாதம் ஆனபோது பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். துணைக்குக் கஞ்சியக்காவை அழைத்துப்போனாள். கூடத்தில் டாக்டர் கோட்டுகளுக்குக் கஞ்சி போடுகிறவள், இவள் பாஷைக்காரி, பதினைந்து வருஷமாக இந்த ஊரில் இருப்பதால் இரண்டும் பேசுவாள்.

வகுப்பு டீச்சர் தடித்த கண்ணாடி போட்டிருந்தாள். நல்லவள்தான். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மெதுவாகவே பேசினாள். கஞ்சியக்கா ஒவ்வொன்றாக மாற்றிச் சொன்னாள்.

"பொண்ணு வாயே தெறக்க மாட்டேங்குதாம்."

"யாரு, எம் பொண்ணா? வேற யாரையாவது நெனச்சுப் பேசறாங்களோ என்னவோ, நல்லாக் கேளுக்கா."

"உம் பொண்ணுதான்டி. பேரு சொல்லிக் கூப்பிட்டா எந்திரிச்சு நிக்குதாம். அவ்வளவுதான். கேள்வி கேட்டா தரையப் பாக்குதாம்."

டீச்சர் இன்னும் கொஞ்ச நேரம் பேசினாள். கஞ்சியக்கா கேட்டு முடித்துவிட்டு, முந்தானையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்தாள்.

"வீட்டுல நம்ம பாஷை பேசறதாலதான் இப்படியாம். ரெண்டு பாஷை ஒரே தலையில ஏறினா பிள்ளைக்கு மூள கொழம்பிடுமாம். இனிமே வீட்டுலயும் ஊர்ப் பாஷையிலதான் பேசணுமாம்."

"நான் எப்படிப் பேசறது?"

"தெரிஞ்சதப் பேசச் சொல்றாங்க. நீயும் கூடவே கத்துக்கலாமாம்."

டீச்சர் அவள் கையைத் தொட்டு, கண்ணைப் பார்த்து ஏதோ சொன்னாள். "பிள்ளையோட நல்லதுக்குத்தான்னு சொல்றாங்க" என்றாள் கஞ்சியக்கா.

சனிக்கிழமை வந்த வெல்டரிடம் சொன்னபோது அவன் யோசிக்கக்கூட இல்லை. "படிச்சவங்க சொல்றாங்க. செஞ்சிட்டுப் போ. நம்ம பாஷைய வச்சுக்கிட்டு இங்க என்ன கிழிக்கப்போறோம்? நான் ஊர்ப் பாஷை பேசறதாலதான் என்னை ஒருத்தன் மதிக்கறான்."

"வாயுள்ள பிள்ளை பொழைக்கும்னு சொல்லுவாங்க. இருக்கற வாயையும் அடைக்கச் சொல்றீங்களே."

"அந்த வாய் இங்க செல்லாதுடி."

திங்கட்கிழமை முதல் அவள் அடைத்துக்கொண்டாள். கஞ்சியக்காவிடம் நாளுக்கு நாலு சொல் கேட்டு, உருளைக்கு முன்னால் நின்று முணுமுணுத்துப் பாடம் செய்து, சாயங்காலம் கொண்டுபோய் மகள் முன்னால் வைத்தாள். சாப்பிடு. படி. கை கழுவு. தூங்கு. அதற்குமேல் சொல் இருந்தால்தானே? கேலி செய்யச் சொல் இல்லை. கொஞ்சச் சொல் இல்லை. கோபம் வந்தாலும் "இல்லை, இல்லை" என்பதோடு நின்றுபோனது. முதல் வாரம் வாலு அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டது போல. "அம்மா, ஏன் மேஸ்திரி மாதிரி பேசற?" என்று வீட்டுப் பாஷையில் கேட்டது. இவள் உதட்டில் விரலை வைத்து, "இல்லை" என்றாள். மூன்றாவது வாரம் அது கேட்பதை விட்டுவிட்டது.

உருளைக்கிழங்கு வேகிற சத்தம் அந்த அறையில் கேட்க ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான்.

மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை வாலு காய்ச்சலில் படுத்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தது. இவள் குனிந்து, "வயிறு? வலி?" என்றாள். அது தலையாட்டியது. "ஏன்?" என்றாள். அந்தச் சொல்லும் கஞ்சியக்கா கொடுத்ததுதான். வாலு ஊர்ப் பாஷையில் மெதுவாக நீளமாக எதையோ சொன்னது. நடுவில் அழுதது. இவளுக்கு அதில் 'ஈரம்' என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. ஈரமா? மழையில் நனைந்ததா? மழையே இல்லையே.

"என்னடி கண்ணு, நம்ம பேச்சுல சொல்லுடி, என்ன ஆச்சு?" பொறுக்க முடியாமல் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

வாலு உதட்டில் விரலை வைத்து, "இல்லை" என்றது.

கஞ்சியக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போன ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்கக் கேட்க வாலு பதில் சொன்னது. நல்ல ஊர்ப் பாஷை. இவளுக்கே ஆச்சரியம். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு இவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னக்கா? என்ன சொல்றா?"

கஞ்சியக்கா அவளை நடைவழிக்கு இழுத்துப்போனாள்.

"சிறுநீர்த் தாரையில சீழாம். மருந்து குடுத்தா சரியாயிடுமாம், பயப்படாத."

"அது எப்படி வரும் பிள்ளைக்கு?"

"அடக்கி அடக்கித்தான். பள்ளிக்கூடத்துல ஒண்ணுக்குப் போகணும்னா எப்படிக் கேக்கறதுன்னு மொதல்ல தெரியலயாம். ஒருநாள் நம்ம பாஷையில கேட்டிருக்கு. டீச்சருக்குப் புரியல, ஒக்காருன்னுட்டாங்க. பெஞ்சுலயே போயிடுச்சாம். எல்லாப் பிள்ளையும் பாத்திருக்கு. பாவாட ஈரத்தோட சாயந்தரம் வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்திருக்கு. அதுக்கப்புறம் அந்தச் சொல்லக் கத்துக்கிச்சாம். ஆனாக் கைதூக்கினா பசங்க மூக்கப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்களாம். அதனால தண்ணி குடிக்கறதையே விட்டுடுச்சு. ரெண்டு மாசமா."

வாயாடி நடைவழியிலிருந்தே உள்ளே மகளை எட்டிப் பார்த்தாள். அந்தப் பாவாடையை அவள்தான் துவைத்தாள். விளையாட்டில் தண்ணீர் கொட்டிக்கொண்டது என்று நினைத்துத் துவைத்தாள்.

"எம் பொண்ணு பட்டத எனக்கு நீ வந்து சொல்லணும், பாத்தியாக்கா" என்றாள்.

அதோடு அந்தக் கட்டுப்பாட்டைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றுதான் அவள் இருந்தாள். ஆனால் நடந்தது வேறு. சனிக்கிழமை வந்த வெல்டர், "பாத்தியா? ஊர்ப் பாஷை முன்னாடியே தெரிஞ்சிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா? டீச்சர் சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றான். கண்ணாடி டீச்சரும் ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்து, கண்கலங்கி, அதையேதான் சொன்னாள். எல்லாருக்கும் மேலாக வாலு ஒரு முடிவுக்கு வந்திருந்தது. அதன் கணக்கு நேர்க்கணக்கு: வீட்டுப் பாஷையில் கேட்டேன், ஈரமாய் நின்றேன். தாய் அந்தப் பாஷையில் ஒரு சொல் எடுத்தாலும் அது காதைப் பொத்திக்கொண்டது.

இரண்டு வருஷம் போனது. நடுவில் ஒரு ஆண்குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் போன இடத்தில் அவளுக்குப் போட்ட விரிப்பில் சலவைக்கூடத்து முத்திரை இருந்ததைப் பார்த்துச் சிரித்தாள், பக்கத்தில் யாரும் இல்லாததால் தனக்குத்தானே ஒரு கேலியும் சொல்லிக்கொண்டாள். வாலு மூன்றாம் வகுப்புக்குப் போனது. கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியது. சனிக்கிழமைகளில் அப்பனும் மகளும் ஊர்ப் பாஷையில் எதையோ பேசிச் சிரிப்பார்கள். இவள் முட்டையை உடைத்து ஊற்றியபடி, அவர்கள் சிரிக்கும் இடத்தில் தானும் சிரித்துவைப்பாள். கடைக்குப் போனால் வாலுதான் பேசும். பிறகு தாய் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்லும்: "அம்மா. பெரிய. பை. குடு." கடைக்காரரும் அவளிடம் அப்படித்தான் பேசுவார்.

மூன்றாம் வகுப்புக்கு ஒரு சின்ன டீச்சர் புதிதாக வந்தாள். வந்த மாதமே அவள் பெயர் சலவைக்கூடம் வரை அடிபட்டது. வகுப்பில் ஐந்து பாஷைப் பிள்ளைகள் இருக்கிறார்களாம். கதவு, நாற்காலி, கரும்பலகை என்று ஒவ்வொன்றிலும் ஐந்து பாஷையிலும் அட்டை எழுதி ஒட்டியிருக்கிறாளாம். கணக்குப் புரியாவிட்டால் முதலில் தன் பாஷைக்காரப் பிள்ளையோடு பேசிப் பார்த்துவிட்டு, பிறகு ஊர்ப் பாஷையில் சொன்னால் போதுமாம். புதிதாய் வந்த பிள்ளைக்கு ஒரு கூட்டாளியைப் பக்கத்தில் உட்கார வைக்கிறாளாம். வெளியே போக வேண்டுமானால் வாயைத் திறக்கவே வேண்டாம், மேஜைமேல் இருக்கும் சிவப்பு அட்டையை எடுத்துக்கொண்டு போகலாமாம்.

"பெரிய வாத்தியாரு கத்தறாராம், இது வகுப்பா சந்தக்கடையான்னு" என்றாள் கஞ்சியக்கா.

உருளைக்குள் போன விரிப்பு சுருண்டுகொண்டது. வாயாடி அதை இழுக்க மறந்து நின்றாள். "ஒரு அட்டை" என்றாள். "ஒரு செவப்பு அட்டை, இல்லக்கா? அவ்வளவுதான் வேண்டியிருந்துது."

சின்ன டீச்சர் அவளைக் கஞ்சியக்காவோடு கூப்பிட்டனுப்பியது ஒரு படிவத்துக்காக. பிள்ளைகளே நிரப்ப வேண்டிய படிவம். பெயர், வயது, அண்ணன் தம்பி, வீட்டில் பேசும் மொழி. அந்தக் கடைசி வரியில் வாலு குண்டு குண்டாக, பிழையில்லாமல் ஏதோ எழுதியிருந்தது.

"என்ன எழுதியிருக்கா?"

கஞ்சியக்கா தயங்கினாள். "பேசுவதில்லைன்னு எழுதியிருக்குடி."

சின்ன டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு நேராக உட்கார்ந்தாள். நடந்ததை எல்லாம் கஞ்சியக்கா வழியாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் படிவத்தை ஓரமாக நகர்த்தினாள்.

"உங்ககிட்ட அப்படிச் சொன்னது தப்பு. வீட்டுப் பாஷை நல்லா இருந்தாத்தான் அடுத்த பாஷை அதுமேல நிக்கும். உங்களுக்கு எது நல்லா வருமோ அதுல பேசுங்க, கதை சொல்லுங்க, திட்டக்கூடச் செய்யுங்க. இன்னிக்கே ஆரம்பிங்க."

கஞ்சியக்கா மாற்றிச் சொன்னதும் வாயாடி சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை அது. "படிச்சவங்க ஒருத்தர் வாய மூடுன்னாங்க, மூடினேன். இப்ப இன்னொருத்தர் தெறன்னு சொல்றாங்க. இவங்களுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டு எங்கிட்ட வரக்கூடாதாக்கா?"

கஞ்சியக்கா இதை மாற்றிச் சொல்லலாமா என்று பார்த்தாள். "சொல்லு" என்றாள் வாயாடி. சொன்னாள். சின்ன டீச்சரின் முகம் சிவந்துபோனது. ஆனாலும் விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஒரு அம்மா வந்து தன் பாஷையில் கதை சொல்கிறார்கள், பிள்ளைகள் மாற்றிச் சொல்கிறார்கள், நீங்களும் வாருங்கள் என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை மேஸ்திரியிடம் அரைநாள் கேட்டு வாங்கினாள். தலையில் ஒட்டியிருந்த பஞ்சை உதறி, முகம் கழுவி, பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகள் முன்னால் இரண்டு வருஷமாகக் கட்டிப்போட்ட நாக்கு. வகுப்பின் முன்னால் நின்றபோது அது எழுந்திருக்குமா என்று பயமாகத்தான் இருந்தது. முப்பது பிள்ளைகள். மூன்றாவது வரிசையில் வாலு, மேஜையைப் பார்த்தபடி.

தன் அப்பன் ஆட்டை பஸ்ஸில் ஏற்றிய கதையைச் சொன்னாள். அவள் கண்ணால் பார்த்தது. ஆட்டுக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்கிறான் கண்டக்டர். "இது என் மடியில ஒக்காரும், அரை டிக்கெட் போடு" என்கிறார் அப்பா. வாக்குவாதம் முடிந்து டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறான். அடுத்த நிறுத்தத்தில் பரிசோதகர் ஏறுகிறார். அப்பா டிக்கெட்டைத் தேடினால், ஆடு மென்றுகொண்டிருக்கிறது. "டிக்கெட் எங்கய்யா?" "ஆட்டோடதுதானே சார், ஆடே வச்சிருக்கு. கேட்டு வாங்கிக்குங்க."

கண்டக்டராக விறைத்து நின்றாள். பரிசோதகராகக் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினாள். ஆடாகத் தாடையைப் பக்கவாட்டில் அரைத்து ஒரு முறை கத்தினாள். அவள் பாஷைப் பிள்ளைகள் இரண்டு பேர் பெஞ்சிலிருந்து சரிந்தார்கள். மற்றப் பிள்ளைகளும் ஒரு சொல் புரியாமலே விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதவோரம் வந்து நின்ற பெரிய வாத்தியார்கூட மீசைக்குள் சிரித்தார். 'ஆடே வச்சிருக்கு' என்று அவள் சொன்ன நொடியில், மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால், வாலுவின் உதட்டோரம் துடித்ததை அவள் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிள்ளை அதை உள்ளுக்கு இழுத்துக் கடித்துக்கொண்டது.

சின்ன டீச்சர் கை தட்டினாள். பிறகு வாலுவிடம், "உங்க அம்மா என்ன சொன்னாங்கன்னு நீ எல்லாருக்கும் சொல்றியா?" என்றாள்.

வாலு எழுந்தது. முதுகு நேராக, கை இரண்டும் பக்கத்தில்.

"எனக்கு அந்தப் பாஷை தெரியாது டீச்சர்."

தெரியாது என்ற சொல் இந்த ஊரில் அவள் கற்ற முதல் சொற்களில் ஒன்று. யாரும் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பின்வரிசைப் பையன் ஒருவன் கை தூக்கி, முழுக் கதையையும் ஊர்ப் பாஷையில் சொல்லி, கைதட்டல் வாங்கினான்.

அந்தப் பையனையும் மாற்றிச் சொல்ல அழைத்துக்கொண்டு வாசல் வரை வந்த சின்ன டீச்சர், "கொஞ்சம் நாள் ஆகும். விட்டுடாதீங்க" என்று இரண்டு முறை சொன்னாள். வாயாடி தலையாட்டிவிட்டு நடந்தாள். அரைநாள் மிச்சம் இருந்தும் சலவைக்கூடத்துக்கே போய் உருளைக்கு முன்னால் நின்றாள். கதை எப்படிப் போனது என்று பெண்கள் கேட்டார்கள். "நல்லாச் சிரிச்சாங்க" என்றாள்.

சாயங்காலம் வெயில் இறங்காமல் அறைக்குள் புழுங்கியது. வாலு ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியது. வெளியே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வாயாடி சின்னவனை மடியில் போட்டு, ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினாள். அவனுக்கு ஒரு வயது ஆகியிருந்தது. அவனிடமும் இதுவரை அந்த நாலு சொற்கள்தான் பேசியிருந்தாள்.

"அடேய் திருட்டுப் பயலே" என்றாள் வீட்டுப் பாஷையில். "மூணு பல்ல வச்சுக்கிட்டு என் விரலையே கடிக்கறியா? உங்கப்பன் ஒடம்பு, என் வாயி. ஊர் தாங்குமாடா ஒன்ன?"

சின்னவன் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தான். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தான். அவள் இன்னும் சொன்னாள். சொல் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே வந்தது.

வாலு பென்சிலை வைத்துவிட்டுத் திரும்பியது. கோபம் இல்லை அதன் முகத்தில். பெரியவர்கள் முகத்தில் வருகிற கவலை. தாய்க்குப் புரிய வேண்டுமே என்று குரலை உயர்த்தி, நிறுத்தி நிறுத்திச் சொன்னது.

"அம்மா. தம்பிகிட்ட. அது. பேசாத. அவனும். ஈரமா. நிப்பான்."

ஒரு சொல் விடாமல் அவளுக்குப் புரிந்தது. பதிலுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. எந்தப் பாஷையில் சொன்னாலும் அந்தப் பிள்ளையிடம் போய்ச் சேரும் என்று தோன்றவில்லை.

வாலு எழுந்துபோய், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் காதில் விழாதபடி ஜன்னலை இழுத்துச் சாத்தியது. கொக்கியும் போட்டது. திரும்பி வந்து நோட்டை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தது.

அறை இன்னும் புழுங்கியது. சின்னவன் அடுத்த சொல்லுக்காக வாயைத் திறந்து காத்திருந்தான். வாயாடி அவனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, காதருகே குனிந்து, சொந்த வீட்டுக்குள் திருடுகிறவள் மாதிரி, மெல்லிய குரலில் பேச ஆரம்பித்தாள்.